‘வேண்டாம் சார்’ சம்பந்தி ஆன கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தக் கம்பெனியில் ‘வேண்டாம் சார்’ என்று பெயர். வாசலில் நிற்கும் காவலாளியில் இருந்து வரைபடப் பிரிவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அத்தானுக்கு அதில் கோபமே கிடையாது, உள்ளுக்குள் ஒரு பெருமைதான். இப்போது ஊரில் அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேப்பரில் வந்ததை மட்டும் படித்தவர்களுக்கு அவர் ஒரு தலையாட்டி பொம்மை. அப்படிச் சொல்கிறவர்களைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது. அதே சமயம் அவர் எதிரில் போய் உட்கார்ந்தால் எனக்கே அவரைத் திட்டத்தான் வாய் வருகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அத்தான் அரசாங்கத்தில் லிப்ட் பரிசோதகராக இருந்தவர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, லிப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. துக்கம் கேட்கப் போன வீடாக இருந்தாலும் முதலில் லிப்டுக்குள் நுழைவார், உள்ளங்கையைச் சுவரில் பதிப்பார், கண்ணை மூடிக்கொள்வார். அழுதுகொண்டு வந்தவர்கள் எல்லாம் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு மாடி போய்த் திரும்பி வந்து, “கயிறு மாத்தணும்” என்று சொல்லிவிட்டுப் படியேறப் போய்விடுவார். பின்னாலேயே அக்கா மூச்சிரைக்க ஏறுவாள். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதில் தனக்கு மிச்சம் முழங்கால் வலிதான் என்று அவள் சொல்லாத இடம் கிடையாது.

உலகத்தில் அவருக்கு இரண்டே விஷயங்களில்தான் பிடிவாதம். ஒன்று லிப்ட், இன்னொன்று அவருடைய பெண். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே குழந்தை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் இவர் சாப்பிட மாட்டார். அவள் இன்ஜினியரிங் படித்து முடித்த அன்று, என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற கையோடு அந்த லிப்ட் கம்பெனியின் முதலாளி வீட்டுக்கே வந்தார். முதலாளி ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்து மேலே வந்தவர். அவசரக்காரர். யோசனை ஒன்று தோன்றிவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார், திரும்பி வரும்போது கையில் வரைபடம் இருக்கும், தட்டில் ஈ இருக்கும். பயம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அத்தான் வேலையில் இருந்த காலத்தில் அவருடைய லிப்டுகளுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்திருக்கிறார். அந்த ஆள் எதற்கு வந்திருக்கிறார் என்று அக்கா நடுங்கிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. “எனக்கு யோசனை கொட்டுது சார். ஆனா எது உருப்படி, எது குப்பைன்னு எனக்கே தெரியல. எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி அழகாத்தான் தெரியுது. என் ஆளுங்க எல்லாம் நான் தும்மினாக்கூட கை தட்றாங்க. எதிர்ல உட்கார்ந்து வேண்டாம்னு சொல்ற ஒரு ஆள் எனக்கு வேணும்” என்றார். தன் கம்பெனியின் போர்டில் உட்கார்ந்து யாருக்கும் சாயாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். சார்பில்லாத இயக்குநர் என்று அதற்குப் பெயராம். தன்னைத் தடுக்க ஒருவரைத் தானே தேடி வந்த முதலாளியை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன்.

போர்டில் மற்றவர்கள் எப்படி என்று அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதலாளியின் அண்ணன், உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுவார். ஆடிட்டர், கணக்கைத் தவிர வேறு பேச்சு வந்தால் ஜன்னலைப் பார்ப்பார். குடும்ப டாக்டர் ஒருவர் பிஸ்கெட்டுக்காகவே வந்துபோவார். வக்கீல், கேட்டால் மட்டும் பேசுவார். இவர்களோடு அத்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, முதலாளி உண்டாக்கியது. புதிதாக எது செய்தாலும் அந்தப் பாகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். செய்தவர்கள் விளக்கிச் சொல்லி முடித்ததும், முதலாளி அதை அத்தான் பக்கமாகத் தள்ளி, “கவுத்துங்க சார்” என்பார். அத்தான் அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்டுபிடித்துக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்துவிட்டால் அது வரைபடப் பிரிவுக்கே திரும்பிப் போகும். கவிழ்க்க முடியாவிட்டால் பேசாமல் மேஜையின் நடுவுக்குத் தள்ளிவிடுவார். அவர் தள்ளினால் உற்பத்திக்குப் போகலாம் என்று அர்த்தம். கை தூக்குவது, ஓட்டுப் போடுவது எல்லாம் அங்கே கிடையாது.

அந்த நாட்களில் அந்தக் கம்பெனி செய்த வேலையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடாமல் தானாகவே அடுத்த மாடிக்கு வந்து கதவைத் திறந்துவிடும் லிப்ட் ஒன்று செய்தார்கள். முதல் தடவை அத்தான் வேண்டாம் என்றார், மாடிக்கு ஒரு முழம் கீழேயே கதவு திறந்துகொள்கிறது என்று. அடுத்த தடவையும் வேண்டாம் என்றார், பேட்டரி பழசானால் என்ன ஆகும் என்று. வரைபடப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இவர்மேல் கொலைவெறி. இந்தக் கிழவரை வாயடைக்க வைக்கிறோம் பார் என்று இரவும் பகலும் உழைத்தார்கள். கடைசியில் அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தள்ளியபோது, கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் விசிலடித்தார்களாம். அந்த லிப்ட் நாலு ஊருக்குப் போனது. முதலாளி எல்லோரிடமும் “நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல, எல்லாம் வேண்டாம் சார் திட்டினதுல வந்தது” என்று சொல்லித் திரிந்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. முதலாளியின் மகனும் எங்கள் பெண்ணும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இருவருக்கும் பிடித்திருந்தது. பையன் நல்லவன், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலாளியும் அவர் மனைவியும் வந்து பெண் கேட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கு மட்டும் எதுவோ உறுத்தியது. நான் சம்பந்தி ஆகிவிட்டால் போர்டில் இருப்பது முறையில்லை, விலகிக்கொள்கிறேன் என்றார். முதலாளி பதறிவிட்டார். நீங்கள் போய்விட்டால் என்னை யார் தடுப்பது என்று கேட்டார்.

வக்கீலைக் கூப்பிட்டார்கள். வக்கீல் சட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். யார் யார் சொந்தக்காரர், யார் யார் போர்டில் சார்பில்லாதவர் என்று உட்காரக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறதாம். அப்பா உண்டு, அம்மா உண்டு, அண்ணன் தம்பி உண்டு, மருமகள் உண்டு, மாப்பிள்ளை உண்டு. சம்பந்தி கிடையாது. மருமகளுடைய அப்பா சட்டத்தின் கண்ணில் வழியில் போகிற யாரோ ஒருவர். அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் யாரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதில்லை போலிருக்கிறது. அத்தானும் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டார். எனக்கு அன்றைக்கே இது சரியாகப் படவில்லை. சொன்னேன். கடையில் சுவிட்சும் பல்பும் விற்கிறவனுக்குப் போர்டைப் பற்றி என்ன தெரியும் என்று அக்கா என் வாயை மூடிவிட்டாள்.

கல்யாணம் ஆனது. பெண் அந்த வீட்டுக்குப் போனதோடு அந்தக் கம்பெனியிலேயே வேலைக்கும் சேர்ந்தாள். செய்த பாகங்களை ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்துச் சோதிக்கும் பிரிவு. அப்பாவின் கை அவளுக்கு இருந்தது.

அதற்கடுத்த மீட்டிங்கில் கண்ணாடிக் கதவு வைத்த லிப்ட் ஒன்று மேஜைக்கு வந்தது. முதலாளி எப்போதும் போலத் தள்ளினார். அத்தானும் எப்போதும் போல வேண்டாம் என்றார். கதவு விலகும்போது குழந்தைகளின் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று காட்டினார். முதலாளி தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் அத்தோடு மறந்தும் போனார். ஆனால் அந்தக் கண்ணாடி லிப்ட் அவர் மனைவியின் ஆசை. தன் தங்கை கட்டுகிற வீட்டுக்கு அதைத்தான் வைக்கப்போகிறோம் என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். வீட்டில் மருமகளைக் கூப்பிட்டு, உங்கப்பாவுக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பெண் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா தகவல் சொல்லாமல் அங்கே போயிருக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். பெண் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அம்மாவைப் பார்த்ததும் வாயில் சோற்றோடு சிரித்தாளாம்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நீங்க அங்க உட்கார்ந்து வேண்டாம்னு சொல்றீங்க. என் பொண்ணு அந்த வீட்ல தனியா சாப்பிடுது” என்றாள். அத்தான் கையில் இருந்த பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார், மறுபடி மடித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோதே இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குப் பெண் கிடையாது, அதனால் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்று சொல்வது குறைந்தது. “பாத்து செய்ங்க” என்று ஆரம்பித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு, எடுத்ததும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். முதலாளி ‘கவுத்துங்க சார்’ என்பதை விட்டு ‘கவுத்துங்க சம்பந்தி’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இவருக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. நம் ஆட்கள் இப்போது நன்றாகச் செய்கிறார்கள், அதனால்தான் சம்பந்தியால் கவிழ்க்க முடியவில்லை என்று பூரித்துப் போனார். துணிச்சல்காரர்களுக்கு இந்த மாதிரிச் சந்தோஷம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அந்தக் கம்பெனியில் இருந்து புதுசு புதுசாக வர ஆரம்பித்தது. பாட்டுப் பாடும் லிப்ட் வந்தது. நம் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும் லிப்ட் வந்தது. உள்ளே பூ வாசம் அடிக்கும் லிப்ட்கூட வந்தது. மேலே போவதும் கீழே வருவதும் மட்டும் பழையபடியே இருந்தது. வரைபடப் பிரிவின் தலைமைப் பொறியாளர் வேலையை விட்டுப் போகும்போது அத்தானைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே ஒரு பல்ப் மாட்டிக்கொண்டிருந்தேன். முன்னெல்லாம் உங்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாங்களே பத்துமுறை பிரித்து மாட்டுவோம், இப்போது முதலாளிக்குப் பிடித்திருந்தால் போதும் என்று ஆகிவிட்டது, அங்கே யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை, எனக்கு அலுத்துவிட்டது என்றார். அத்தான் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

ஒல்லி லிப்ட் என்று அவர்கள் பெயர் வைத்தது அப்போதுதான் வந்தது. இதை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பழைய வீடுகளில் லிப்ட் வைக்க இடம் இருக்காது. மாடியில் முட்டி வலியோடு அடைந்து கிடக்கும் வயசானவர்கள் எத்தனை பேர். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திலேயே நுழைந்துவிடும் அளவுக்கு ஒடுங்கலாக ஒரு லிப்ட் செய்ய வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. அவருக்கு வந்த யோசனைகளிலேயே இதுதான் தங்கம் என்று அத்தானே சொன்னார். செய்து முடித்தது மாப்பிள்ளை, அவன் பெயரில் வெளிவரப் போகிற முதல் வேலை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, பிடித்து நிறுத்த ஒன்று, அது வழுக்கினால் பிடிக்க இன்னொன்று என்று வழக்கமாக வைக்கும் இரண்டு பிரேக்குகளுக்குப் பதில், இரண்டு வேலையையும் செய்யும் புதுவிதமான ஒரே பிரேக்கை வைத்திருந்தான்.

அந்த மீட்டிங் நடந்தபோது எங்கள் பெண் மாசமாக இருந்தாள், இரண்டாவது மாதம். அந்த வீட்டில் அப்போதுதான் எல்லாம் கொஞ்சம் சரியாகிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா தன் கையால் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள் என்று அக்கா தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீட்டிங்கில் நடந்ததை அத்தான் பிறகு என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை எழுந்து நின்று விளக்கினான். அப்பாவை ஒரு பார்வை, மாமனாரை ஒரு பார்வை. முதலாளி பிரேக்கைத் தள்ளினார். இவர் கையில் எடுத்தார், கட்டை விரலால் அதன் உரசும் பாகத்தைத் தடவினார். நாள் முழுக்க விடாமல் ஓட்டினால் இது சூடாகும், சூடானால் பிடி வழுக்கும், வழுக்கினால் பிடித்து நிறுத்த இன்னொன்று கிடையாது. கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதில் தன் பெண் தெரிந்தாள் என்றார்.

“டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆச்சு மாமா” என்றான் அவன்.

அது பொய்யில்லை. சோதித்தார்கள்தான். சோதனையில் என்ன வந்தது என்று இவர் கேட்கவில்லை. பழைய ‘வேண்டாம் சார்’ என்றால் அதைக் கேட்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இவர் பிரேக்கை மேஜை நடுவுக்குத் தள்ளினார். முதலாளி கண்ணெல்லாம் கலங்கி மகனைக் கட்டிக்கொண்டார். டாக்டர்கூட பிஸ்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாராம்.

ஒல்லி லிப்ட் நன்றாக விற்றது. வீடுகளில் நாளைக்கு நாலு தடவை ஏறுவார்கள், நாலு தடவை இறங்குவார்கள், அதற்கு அந்தப் பிரேக் போதுமாகத்தான் இருந்தது. ஒரு மூன்று மாடி வீட்டில் மேல் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. காலையில் இருந்து கழற்றிய கட்டில், ஒற்றைக் கதவு பீரோ, பாத்திர மூட்டை என்று சாமான் ஏற்றியபடி இருந்தார்கள். லிப்டுக்கு ஓய்வே இல்லை. சாயங்காலம், கடைசி நடை. சாமான் ஏற்ற வந்த தொழிலாளி மேல் மாடியில் பீரோவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கதவு திறந்தபடியே லிப்ட் கீழே வழுக்கிவிட்டது. அவன் இறந்துபோனான். அவனுக்கு மனைவியும், நடக்கப் பழகும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். அன்றைக்கு அந்த வேலைக்கு வரவேண்டியவன் அவன் இல்லையாம், கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவனாம்.

தகவல் வந்ததும் அத்தானை என் வண்டியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வந்திருந்த பரிசோதகர் இவரிடம் முன்பு வேலை கற்றவர், அதனால் உள்ளே விட்டார்கள். மாடிப்படியில் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. பாதி இழுத்த பீரோ கதவருகே அப்படியே சாய்ந்து கிடந்தது. குடிவந்த வீட்டுக்காரர்கள் சாமானுக்கு நடுவில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தான் மேலே ஏறி, பிரேக் இருந்த பெட்டியைத் திறந்து கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் தோளைத் தொட்டேன்.

“இன்னும் சூடா இருக்குடா” என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். முதலாளி விசாரணை அதிகாரியிடம், சம்பந்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால்தான் செய்தேன் என்று சொன்னார். பழியைத் தள்ளிவிடச் சொன்னதில்லை அது. அந்த மனிதர் அப்படித்தான் நம்பியிருந்தார். சொல்லும்போது அழுதாராம். அத்தானுக்கும் முதலாளிக்கும் என்ன உறவு என்ற கேள்வியும் வந்தது. வக்கீல் சட்டத்தைக் காட்டினார், சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டது. சார்பில்லாத இயக்குநர் ஒப்புதல் கொடுத்த லிப்ட் என்று பேப்பரில் போட்டார்கள். மாப்பிள்ளை மேல் வழக்கு. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். ஒல்லி லிப்டை இப்போது வேறு எவனோ, இரண்டு பிரேக் வைத்து, அதே அகலத்தில் செய்கிறான். ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தால் வரைபடப் பிரிவுப் பிள்ளைகளே இதைச் செய்திருப்பார்கள். அந்தத் தொழிலாளியும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பான்.

பேப்பரில் வராத ஒன்று இருக்கிறது. விசாரணைக்கு முந்தின நாள் பெண் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதம், மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா, அத்தான், நான், வேறு யாரும் இல்லை. விபத்து நடந்ததில் இருந்து அத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு உட்கார்ந்திருந்தார். நான் தப்பு செய்தேன், ஆனால் என் பெண்ணுக்காகச் செய்தேன் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். அதை அன்றைக்கு அவளிடமே சொல்லிவிட்டார்.

“உனக்காகத்தாம்மா நான் பேசாம இருந்தேன்.”

அப்போதுதான் அவள் சொன்னாள். அந்தப் பிரேக்கைச் சோதித்தது அவள்தானாம். விடாமல் ஓட்டினால் சூடாகி வழுக்குகிறது என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வீட்டில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டு லிப்டை யார் அப்படி ஓட்டப் போகிறார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நாளைக்கு விசாரணையில் இதைச் சொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வந்தேன் என்றாள். சொன்னால் அவள் புருஷன் கதி என்ன ஆகும், அந்த வீட்டில் அவள் கதி என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“நான் ஏன் அங்க சண்டை போடலன்னு தெரியுமாப்பா? போட வேண்டியதில்லன்னு நெனச்சேன். போர்டுல நீங்க இருக்கீங்க. உங்க கைக்கு அது வந்தா தடவிப் பாத்த உடனே புடிச்சுடுவீங்க. திருப்பி அனுப்பிடுவீங்க. அவருக்கும் கொஞ்ச நாள் வருத்தமா இருக்கும், அப்புறம் சரியா செஞ்சுடுவாருன்னு இருந்தேன்.”

அத்தான் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார். “என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டார்.

“சொல்லணும்னுதான் போனைக் கையில எடுத்தேன். ஆனா நான் சொன்னேன்னு தெரிஞ்சா, எனக்கு எதாவது ஆயிடுமோன்னு நீங்க பேசாம இருந்துடுவீங்களேன்னு பயமா இருந்துச்சு. அதான் சொல்லல.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் கெடுக்க நினைக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதையும் மெதுவாகத்தான் கேட்டாள்.

“கையில எடுத்தப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?”

தெரியவில்லை என்று அவர் சொல்லிவிடுவார், சொல்லிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரிஞ்சுதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.